ஒரு முறை எழுதுவதன் லாபம்

திருமலையிலிருந்து வரும் லட்டுப் பிரசாதத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் நெய் மணத்தையும், பல்லில் அகப்படும் கற்கண்டையும், அதற்காகத் தாம் வரிசையில் காத்து நின்ற நேரத்தையும் பற்றிப் பேசுவார்களேயன்றி, அந்தச் சுவை ஆண்டுதோறும் மாறாமல் வருவதற்கு ஆதாரமாக ஒரு சிறு பட்டியல் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. தேவஸ்தானத்தில் அந்தப் பட்டியலுக்குத் 'திட்டம்' என்று பெயர். 5,100 லட்டுகளுக்குப் பசுநெய் 165 கிலோ, கடலை மாவு 180, சர்க்கரை 400, முந்திரி 30, உலர்ந்த திராட்சை 16, கற்கண்டு 8, ஏலக்காய் 4, ஆக மொத்தம் 803 கிலோ என்பது 2001-ஆம் ஆண்டு திருத்தப்பெற்ற திட்டம். 'திட்டமாகச் சொல்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும்போது அந்தச் சொல்லுக்கு என்ன பொருளோ அதுவேதான் இங்கும் பொருள். ஐயத்துக்கு இடமில்லாமல் அளவு குறித்த ஏற்பாடு. நம் பக்கத்துக் கோயில்களில் இதையே படித்தரம் என்று வழங்குகிறோம்.

இந்தத் திட்டத்தின் விசேஷம், அது ஒன்றே ஒன்றாக இருப்பதுதான். எத்தனை பேர் அடுப்பின் முன் நின்றாலும், பத்தாயிரம் லட்டு வேண்டுமானாலும் மூன்று லட்சம் வேண்டுமானாலும், அந்த ஓர் அளவையே பெருக்கிக்கொள்கிறார்கள். அளவை மாற்ற வேண்டுமென்று தேவஸ்தானம் தீர்மானித்தால், மாற்ற வேண்டிய இடம் ஒன்றுதான். அவ்வாறின்றி ஒவ்வொரு பரிசாரகரும் தம்முடைய நோட்டுப் புத்தகத்தில் தனித்தனியே எழுதி வைத்துக்கொண்டிருந்தால், பத்து ஆண்டுகளில் பத்து விதமான லட்டும், பத்து விதமான நெய்க் கணக்கும், அந்தக் கணக்குகளுக்கிடையே காணாமற்போகும் நெய்யும் உண்டாகியிருக்கும். யந்திரங்களோடு வரும் கையேடுகளைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் நைவேத்தியத்தில் தொடங்குவதற்குக் காரணம், கையேட்டு உலகில் இன்று பல கோடி ரூபாய் அப்படிப்பட்ட தனித்தனி நோட்டுப் புத்தகங்களிலேதான் கரைந்துகொண்டிருக்கிறது என்பதே.

எழுத்தை ஒழுங்குபடுத்தினால் பணம் மிச்சமாகும் என்னும் எண்ணம் இந்தச் சீமைக்குப் புதிதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு இந்தப் பிரதேசம் வந்த சில ஆண்டுகளுக்குள், 1803-இல், கலெக்டராயிருந்த ஸ்டிராட்டன் என்பவர் திருமலைக் கோயிலின் பூஜைகள், செலவுகள், நிலங்கள் ஆகியவற்றையெல்லாம் பட்டியல் பட்டியலாக வகுத்து ரெவினியூ போர்டுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். பின்னர் 1821-இல் புரூஸ் என்னும் அதிகாரி, கோயிலில் வழிவழியாக வந்த வழக்கங்களை ஆதாரமாகக் கொண்டு, நிர்வாகத்துக்கென்று 42 விதிகளைத் தொகுத்து ஒரே சாசனமாக்கினார். 'புரூஸ் கோட்' என்று இன்றும் தேவஸ்தான சரித்திரத்தில் அது பேசப்படுகிறது. கம்பெனியாருக்கு ஏழுமலையானிடம் பக்தி மேலிட்டு இதைச் செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். வருமானம் எங்கே வருகிறது, எங்கே ஒழுகுகிறது என்பதை அறியவே அவர்கள் விதியை எழுத்தில் வடித்தார்கள். ஒருவர் வாய்க்கும் மற்றொருவர் நினைவுக்கும் இடையே வேறுபட்டுக் கிடந்த வழக்கம் ஒரே பத்திரத்தில் இடம்பெற்றதும், கணக்குக் கேட்பது சாத்தியமாயிற்று.

இருநூறு ஆண்டுகள் கழிந்த பின் இதே மலையடிவாரத்தின் தோற்றம் பெரிதும் மாறியிருக்கிறது. ரேணிகுண்டாவுக்கு அருகே காரகம்பாடியில், 1985-இல் தொடங்கப்பெற்ற அமர ராஜா பேட்டரி ஸ்தாபனம் பல்லாயிரம் குடும்பங்களுக்கு ஜீவனம் அளிக்கிறது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சத்தியவேடு பக்கத்தில் ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரம் எழும்பி, அங்கே இசுசூ மோட்டார் வண்டிகளும், கோபெல்கோவின் மண் தோண்டும் யந்திரங்களும், ஆல்ஸ்டாம் ஆலையின் மெட்ரோ ரயில் வண்டிகளும் தயாராகின்றன. சென்னை மெட்ரோவிலும் கொச்சி மெட்ரோவிலும் நாம் ஏறி உட்காரும் வண்டிகளில் பல அங்கே பிறந்தவை. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து மெட்ரோவின் முதல் 22 ரயில்களும் அங்கிருந்தே கப்பலேறிப் போயின. இவ்வாறு வெளியேறும் ஒவ்வொரு யந்திரத்தோடும் கண்ணுக்குத் தெரியாத மற்றொரு சரக்கும் கூடவே போகிறது. அதுதான் அதன் கையேடு: எவ்வாறு பொருத்துவது, எவ்வாறு இயக்குவது, எப்போது எண்ணெய் மாற்றுவது, எதைத் தொட்டால் ஆபத்து என்று சொல்லும் புத்தகம். வழக்கில் அதை மேனுவல் என்போம். யந்திரத்துக்கு ஆன செலவைப் பைசா பைசாவாகக் கணக்குப் பார்க்கிற ஆலைகளிலேயும் மேனுவலுக்கு ஆன செலவு என்னவென்று கேட்டால், உடனே விடை சொல்லும் அதிகாரி கிடைப்பது அரிது.

அந்தச் செலவு எந்த ரூபத்தில் வந்து சேர்கிறது என்பதை நான் அறிந்துகொண்டது சித்தூரில், என் தமக்கை வீட்டில். குடிநீரைச் சுத்திகரிக்கும் யந்திரம் ஒன்றை, எந்தக் கம்பெனி என்பது இங்கு அவசியமில்லை, வாங்கி மாட்டியிருந்தார்கள். அத்தான் எதையும் படித்துப் பார்த்துச் செய்கிறவர். தமிழ்ப் பக்கத்தைப் படித்து, வடிகட்டியை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றினால் போதுமென்று குறித்து வைத்திருந்தார். எட்டாம் மாதத்தில் தண்ணீரில் நாற்றம் வந்தது. வந்த மெக்கானிக், "ஆறு மாசத்திலேயே மாத்தியிருக்கணும் சார், புக்லேயே போட்டிருக்கே" என்று ஆங்கிலப் பக்கத்தைக் காட்டினான். இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துக்கொண்டு, "என்னப்பா, இதில் எந்தப் பக்கத்தை நம்புகிறது?" என்று அத்தான் என்னைக் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. நடந்தது இதுதான்: கம்பெனியார் கால அளவைத் திருத்தியபோது ஆங்கிலக் கோப்பில் திருத்தினார்கள், தமிழ்க் கோப்பு வேறொருவர் கம்ப்யூட்டரில் பழையபடியே கிடந்தது. தவறு தங்களுடையது என்று ஒப்புக்கொண்டு உள்ளிருந்த பாகங்களை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். பாகங்களின் விலை, மெக்கானிக் இரண்டு தடவை வந்து போன செலவு, ஒரு குடும்பத்தின் நம்பிக்கை, இவை மூன்றும் ஒரு வாக்கியத்தின் பழைய பிரதியால் நஷ்டமானவை.

மேனுவல்கள் பெரும்பாலும் எவ்வாறு தயாராகின்றன என்பதைப் பார்த்தால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆலை புதிய மாடல் ஒன்றைக் கொண்டுவருகிறது. எழுதுகிறவர் பழைய மாடலின் கோப்பைத் திறந்து, அப்படியே பிரதியெடுத்து, பெயரையும் சில எண்களையும் மாற்றி, புதுப் புத்தகம் என்று சேமிக்கிறார். பத்து மாடலானால் பத்துப் பிரதிகள். மூடியைத் திறக்குமுன் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்னும் எச்சரிக்கை பத்துப் புத்தகத்திலும் இருக்கிறது. ஐந்து பாஷையில் அச்சிட்டால் ஐம்பது இடத்தில் இருக்கிறது. எழுதும் அன்று இது சிக்கனமாகத்தான் தோன்றும். செலவெல்லாம் திருத்தும் அன்று வருகிறது.

இதற்கு மாற்றாக உலகத்தில் வந்திருக்கும் முறையைத்தான் தொழில் வட்டாரத்தில் ஸ்ட்ரக்சர்டு கன்டென்ட், அதாவது கட்டமைப்புள்ள உள்ளடக்கம் என்கிறார்கள். புத்தகத்தைப் புத்தகமாக எழுதாமல், ஒவ்வொரு விஷயத்தையும் தனித்தனித் துண்டாக எழுதி, இது எச்சரிக்கை, இது செய்முறை, இது அளவுப் பட்டியல் என்று ஒவ்வொன்றுக்கும் அதன் இயல்பைக் குறிக்கும் அடையாளம் இட்டு, ஒரே பொக்கிஷத்தில் வைத்துவிடுவது. எந்த மாடலுக்குப் புத்தகம் வேண்டுமோ அதற்குரிய துண்டுகளை மாலை தொடுப்பதுபோல் வரிசைப்படுத்திக் கோத்துக்கொள்வது. துண்டு பிரதியெடுக்கப்படுவதில்லை, சுட்டப்படுகிறது. ஆகையால் மூலத்தில் ஓர் எழுத்தைத் திருத்தினால், அதைச் சுட்டும் எல்லாப் புத்தகங்களிலும் அது திருந்திவிடுகிறது. எழுத்தின் பருமன், வர்ணம், பக்க அமைப்பு ஆகிய அலங்காரங்கள் துண்டில் இல்லை. அச்சுக்கும் கைப்பேசித் திரைக்கும் தக்கபடி அவற்றைக் கம்ப்யூட்டர் கடைசியில் பூட்டிவிடுகிறது.

இதன் வித்து 1969-இல் ஐபிஎம் கம்பெனியில் விழுந்தது. சட்டம் படித்துவிட்டு அங்கு வேலைக்கு வந்த சார்லஸ் கோல்ட்ஃபார்ப்பும், அவரோடு மோஷர், லோரி என்னும் இருவரும், வக்கீல் அலுவலகப் பத்திரங்களைக் கம்ப்யூட்டரில் தேடவும் திருத்தவும் அச்சிடவும் ஒரு வழி காண முயன்றபோது, எழுத்தின் தோற்றத்தைக் குறிப்பதை விட்டு அதன் பொருளைக் குறிக்கும் அடையாள மொழி ஒன்றை உண்டாக்கினார்கள். அது 1986-இல் உலகத் தரமாகி, 1998-இல் எக்ஸ்எம்எல் என்னும் எளிய வடிவம் பெற்றது. ஆகாய விமானங்களின் பராமரிப்புப் புத்தகங்களை அடுக்கினால் மனிதன் உயரத்துக்கு மேல் போகும் என்பதால், அந்தத் துறையார் எஸ்1000டி என்னும் தமக்குரிய முறையை முன்னரே வகுத்துக்கொண்டார்கள். மற்றத் தொழில்களுக்கெல்லாம் ஏற்றதாக ஐபிஎம் ஆக்கிய டிடா என்னும் முறை 2005-இல் பொதுத் தரமாக ஒப்புக்கொள்ளப்பட்டது. 'இது என்ன' என்று விளக்குவது, 'எவ்வாறு செய்வது' என்று படிப்படியாகச் சொல்வது, அளவும் எண்ணும் கொண்ட குறிப்பு, இம்மூன்றையும் கலக்காமல் தனித்தனியே எழுத வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி.

இனி பணக் கணக்குக்கு வருவோம். கற்பனையாக ஓர் ஆலையை வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் இறைக்கும் மோட்டார் பம்புகளில் எட்டு மாடல் செய்கிறது. ஒவ்வொரு மாடலின் மேனுவலும் 20,000 சொற்கள். அவற்றில் 14,000 சொற்கள் எட்டுக்கும் பொதுவானவை: பாதுகாப்பு, பொருத்தும் முறை, சுத்தம் செய்தல், உத்தரவாதம். 6,000 சொற்களே அந்தந்த மாடலுக்கு உரியவை. சித்தூர் ஜில்லாவைப் போலத் தெலுங்கும் தமிழும் கன்னடமும் சந்திக்கும் இடத்தில் விற்கிறவனுக்கு, ஆங்கில மூலத்தை இம்மூன்று பாஷைகளிலும் ஹிந்தியிலும் மொழிபெயர்ப்பது அவசியமாகும்; சொல்லுக்கு 2 ரூபாய் கூலி என்று கொள்வோம். புத்தகம் புத்தகமாக மொழிபெயர்த்தால் 1,60,000 சொற்கள், நான்கு பாஷைகளுக்கு 12,80,000 ரூபாய். துண்டு துண்டாக வைத்திருந்தால், பொதுப் பகுதி ஒரு முறையும் தனிப் பகுதிகள் எட்டும் சேர்ந்து 62,000 சொற்கள்தாம். கூலி 4,96,000 ரூபாய். மிச்சம் 7,84,000.

இதைவிடப் பெரிய விஷயம் திருத்தம். ஒரு பொது எச்சரிக்கை மாறுகிறது என்றால், பழைய முறையில் எட்டு மாடல், ஐந்து பாஷை, ஆக 40 கோப்புகளைத் திறந்து, திருத்தி, பக்கம் நகர்ந்ததைச் சரிசெய்து, மெய்ப்புப் பார்க்க வேண்டும். கோப்புக்கு இரண்டு மணி நேரம் என்றால் 80 மணி. ஆண்டில் இவ்வாறு முப்பது திருத்தம் வந்தால் 2,400 மணி; ஓர் ஆளின் ஓராண்டு உழைப்புக்கும் அதிகம். புதிய முறையில் தொட வேண்டியவை பாஷைக்கு ஒன்றாக ஐந்தே துண்டுகள். அதே இரண்டு மணிக் கணக்கில் ஆண்டுக்கு 300 மணி. மணிக்கு 300 ரூபாய் சம்பளம் என்று வைத்தாலும் 6,30,000 ரூபாய் மீதமாகிறது. இதற்காக மென்பொருள் வாங்கவும், பழைய புத்தகங்களைத் துண்டுகளாக மாற்றவும், எழுதுகிறவர்களைப் பழக்கவும் முதலில் 20 லட்சமும், பின் ஆண்டுதோறும் 3 லட்சமும் செலவாகிறதென்று கொள்க. முதலாண்டு நிகர மிச்சம் 11,14,000. அடுத்த ஆண்டுகளில் பழையவற்றுக்குப் பதிலாக இரண்டிரண்டு புது மாடல் வருமானால், மொழிபெயர்ப்பில் 2,24,000-மும் திருத்தத்தில் 6,30,000-மும் மீந்து, பராமரிப்புப் போக 5,54,000 நிற்கும். போட்ட முதல் மூன்றாம் ஆண்டுக்குள் திரும்பிவிடுகிறது. இந்த எண்கள் என்னுடைய அனுமானங்கள். வாசகர் தம் ஆலையின் எண்களை இதே சட்டத்தில் இட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

மென்பொருள் விற்க வருகிறவர்கள் சொல்லாமல் விடும் சிலவற்றையும் சொல்வது என் கடமை. மொழிபெயர்ப்பாளர்கள் இன்று ஒரு முறை மொழிபெயர்த்த வாக்கியத்தை நினைவில் வைத்து மறுபடி எடுத்துக் கொடுக்கும் கருவிகளைக் கையாளுகிறார்கள். ஆகவே திரும்ப வரும் வாக்கியங்களுக்கு முழுக் கூலி கொடுக்காமலே பேரம் பேச முடியும், மேலே சொன்ன மொழிபெயர்ப்பு மிச்சம் அந்த அளவுக்குக் குறையும். ஆனால் ஒரு புத்தகத்தில் 'துண்டிக்கவும்' என்றும் மற்றொன்றில் 'நிறுத்தவும்' என்றும் எழுதிவிட்டால் அந்தக் கருவிக்கு இரண்டும் வெவ்வேறு வாக்கியங்களே; பிரதியெடுத்த புத்தகங்களில் இவ்விதப் பேதங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகும். பழையதைத் துண்டுகளாக மாற்றும் வேலையும் எளிதன்று. எட்டுப் புத்தகத்தில் எட்டு விதமாக இருக்கும் ஒரே பத்தியில் எது சரியென்று தீர்மானிக்க இன்ஜினீயர்கள் உட்கார வேண்டும். அந்த நாட்களின் சம்பளத்தை யாரும் மதிப்பீட்டில் சேர்ப்பதில்லை. எழுதுகிறவர்களின் மனமும் இதற்கு எளிதில் இசையாது. தம் புத்தகம் என்று முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஆண்டு வந்தவரை, பிறர் கோக்கும் மாலைக்கு ஒரு பூ மட்டும் கொடு என்றால் அவர் வருந்துவது இயற்கை. அந்த வருத்தத்தைப் பொருட்படுத்தாமல் மென்பொருளை மட்டும் வாங்கிய இடங்களில், பொக்கிஷத்துக்குள்ளேயும் பழைய வழக்கப்படி பிரதியெடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரே மாடல், ஒரே பாஷை, ஆண்டுக்கு ஒரு திருத்தம் என்று நடத்தும் சிறு பட்டறைக்காரருக்கு இந்த முறை வேண்டியதில்லை என்பதே என் அபிப்பிராயம். 20 லட்சத்தை அவர் ஒரு நல்ல லேத்தில் போடட்டும். மாடலும் பாஷையும் திருத்தமும் ஒன்றையொன்று பெருக்கும் இடத்திலேதான் லாபம் இருக்கிறது. ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு இந்தப் பெருக்கல் சட்டத்தினாலேயே வருகிறது: ஐரோப்பிய யூனியனின் 2006/42 என்னும் யந்திர விதிப்படி, எந்த நாட்டில் யந்திரம் விற்கப்படுகிறதோ அந்த நாட்டு ஆட்சி மொழியில் அதன் கையேடு இருந்தாக வேண்டும், அந்த யூனியனில் ஆட்சி மொழிகள் 24. ரேணிகுண்டாவில் திருத்தும் ஒரு வாக்கியம் போர்ச்சுக்கலிலிருந்து போலந்து வரை எல்லா நாடுகளுக்கும் போய்ச் சேர வேண்டுமென்றால், நாற்பது கோப்பு ஏறக்குறைய இருநூறாகும்.

பல பாஷையில் ஒரே செய்தியைச் சொல்வதன் பாரத்தையும் இந்த மலை அறியும். திருமலை, திருப்பதி வட்டாரக் கோயில்களில் உள்ள ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ். தெலுங்கும் கன்னடமும் வடமொழியும் உண்டு. கிருஷ்ணதேவராயர் 1513-இல் வந்து அளித்த கொடைகள் ஒன்றுக்கு மேற்பட்ட பாஷைகளில் பொறிக்கப்பட்டன. கல்லில் பொறித்த கொடை மாறாது; ஆகையால் சிற்பிக்கு அது ஒரு தடவைச் செலவு. யந்திரத்தின் வால்வு அடுத்த ஆண்டு மாறும், வடிகட்டியின் ஆயுள் மாறும், அதைச் சொல்லும் வாக்கியமும் மாறியாக வேண்டும்.

ஆலை நடத்துகிறவர்களுக்கும் அங்கே எழுத்து வேலை பார்க்கும் இளைஞர்களுக்கும் நான் விடுக்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு. எந்த மென்பொருளையும் வாங்குமுன், எந்த ஆலோசகரையும் அழைக்குமுன், உங்கள் மேனுவல்களிலிருந்து ஓர் எச்சரிக்கை வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது எத்தனை கோப்புகளில் இருக்கிறது, அவற்றில் எத்தனை கோப்புகளில் ஒரே விதமாக இருக்கிறது என்று இரண்டு பேரை ஒரு நாள் உட்காரவைத்து எண்ணச் சொல்லுங்கள். அந்த இரண்டு எண்களையும் ஒரு காகிதத்தில் எழுதி உங்கள் கணக்கதிகாரியிடம் கொடுங்கள்.